கிளிக்கு எழுதிய கணக்கு

போன வருடம் தைப்பூசம் முடிந்த மறு வாரம், ஈப்போவில் ஒரு கோப்பிக் கடையில் ஆரம்பித்தது இது. ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு மாதச் சோதனை. முடித்துவிட்டு, வெயிலுக்கு ஒதுங்கி அந்தக் கடைக்குள் போனோம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு தொங்கியது. உள்ளே ஒரு பச்சைக்கிளி. நாங்கள் உட்கார்ந்ததும் அது தலையைச் சாய்த்து, "ஆப்பா மாவ்?" என்று கேட்டது. என்ன வேண்டும் என்று மலாயில் கேட்கிறதாம், கடைக்காரரின் குரலில்!

என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைக் கோணி, பாடுபட்டு, "கோ... ப்பி" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அவர் இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். ஈப்போ பக்கத்தில் ஜெலாப்பாங் வட்டாரத்தில் காலையிலும் மாலையிலும் ஆட்களை ஏற்றி இறக்குவார். வாய் ஓயாது. அந்த பஸ்ஸுக்கு ரேடியோவே தேவையில்லை என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி பேசுவார்கள். கையுறைத் தொழிற்சாலைக்கு அந்த பஸ்ஸில் போய் வந்துதான் நானும் அவரிடம் மாட்டினேன். அந்தத் தைப்பூசத்துக்கு முந்தைய ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் தங்கியது. கால் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கப் பழகியது. வலது கை பாதிதான் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

வரவில்லை என்றால் சுத்தமாக இல்லை என்று அர்த்தமில்லை. மனதில் எல்லாம் இருந்தது. வார்த்தையைத் தேடிப் பிடித்து வெளியே கொண்டுவருவதற்குள் நேரமாகிவிடும். பாதி வார்த்தை வரும், மீதி வராது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, "அவருக்கு நேரம் கொடுங்க, நிறைய பேச விடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நானும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நினைத்தேன். பஸ்காலத்து நண்பர்கள் போன் செய்தால் அவர் காதில் வைத்துக் கேட்பார், பிறகு என்னிடம் நீட்டிவிடுவார். நான் அவருக்காகப் பேசிவிடுவேன். நண்பர்களின் போனும் மெல்ல மெல்ல நின்றுவிட்டது. தைப்பூசம் வரும்போது அவர் வாய் திறப்பதையே அனேகமாக விட்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு கிளிக்குப் பதில் சொன்னார். கடையை விட்டு வெளியே வரும்போதே முடிவு செய்துவிட்டேன். நம் வீட்டுக்கு ஒரு கிளி வேண்டும். அது பேசும், இவரும் அதனோடு பேசுவார். எனக்கு எப்போதுமே முடிவு சீக்கிரம் வந்துவிடும். யோசனைதான் பின்னால் மூச்சிறைக்க ஓடிவரும்.

அன்று சாயங்காலமே போனைத் தட்டித் தேடினேன். ஒருவர் நூற்றைம்பது மலேசிய வெள்ளிக்குத் தருவதாகப் போட்டிருந்தார். விசாரித்தால், வீட்டுக்கு வர வேண்டாம், பெட்ரோல் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். லைசென்ஸ், காகிதம் எல்லாம் உண்டா என்றேன். "அதெல்லாம் சுசா லா அக்கா, யாரு வந்து பாக்கப் போறா" என்றார். காகிதம் எடுப்பது அவருக்குத் தொல்லையாம். எனக்கு நூற்றைம்பது வெள்ளி பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் மட்டும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தார். "சரி சரி, தெரியும், போகல" என்று போனை வைத்தேன்.

கடைசியில் தொழிற்சாலையில் ஒரு பெண் சொல்லித்தான் சித்தியவான் ஊர்ப் பக்கம் இருக்கும் ஒருத்தி கிடைத்தாள். காலையில் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல், மற்ற நேரமெல்லாம் கிளிகள். முறையாக லைசென்ஸ் எடுத்து, ஜோடி சேர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து விற்பவள். நாற்பது வயது இருக்கும். போனில் விலை கேட்டேன்.

"விலை அப்புறம் சொல்றேங்க்கா. முதல் தடவை வாரப்போ காசு கொண்டு வராதீங்க. கணக்கு எழுதிட்டு வாங்க."

"என்ன கணக்கு?"

"கிளிக்கு என்னென்ன செலவு ஆகும்னு உங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு. வாங்குற எல்லாரையும் எழுதச் சொல்வேன்."

காசு வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை அன்றுதான் கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கார் நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் இல்லாத பிரேக்கை இடது காலால் மிதித்துக்கொண்டு வந்தார். வாயால் திட்ட முடியாததைக் காலால் திட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து, இப்போது எண்ணெய்க்கான செம்பனையாகிவிட்ட இடம். சாலையோரத்தில் மிச்சமிருந்த நாலைந்து வீடுகளில் அவளுடையது ஒன்று. வீட்டின் பின்பக்கம் முழுக்கக் கம்பி வலைக் கூண்டுகள். ஒரே கத்தல். அவள் எங்களை உட்கார வைத்து, தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, என் காகிதத்தைக் கேட்டு வாங்கினாள்.

வருடக் கடைசி போனஸில் ஆயிரம் வெள்ளி எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் அடங்குகிற மாதிரி எழுதியிருந்தேன். கிளி உத்தேசமாக அறுநூறு, கூண்டு இருநூற்றைம்பது, சாப்பாடு மாதம் நாற்பது, லைசென்ஸ், ஊஞ்சல், தண்ணீர்க் கிண்ணம். என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கட்டில் வாங்குற மாதிரி எழுதியிருக்கீங்கக்கா. இது இருபத்தஞ்சு வருஷம் இருக்கும். சீக்கு வந்தா? நீங்க ஊருக்குப் போனா? உங்களுக்கு அப்புறம் யாரு பாத்துக்குவா?"

"எங்க மக ஜோகூர்ல இருக்கா, அவ..."

"அண்ணனத்தான் கேட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாய் அசைந்தது. ஒன்றும் வரவில்லை. அவமானப்படுகிறாரே, நான் சொல்லிவிட்டால் முடிந்ததே என்று தவித்தேன். அவளோ மழை விடக் காத்திருப்பவளைப் போல மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

"ம...க... கேக்கணும்" என்றார் அவர்.

நான் சொல்ல வந்தது, மகள் பார்த்துக்கொள்வாள் என்பது. அவர் சொன்னது, மகளைக் கேட்க வேண்டும் என்பது. இரண்டும் ஒன்றில்லை. நான் அவளைக் கேட்டிருக்கவே இல்லை. அங்கேயே போன் போட்டுக் கேட்டோம். "அப்பாவுக்குக் கிளியா? கண்டிப்பா நான் பாத்துக்கறேன், எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க" என்றாள்.

பிறகுதான் அந்தப் பெண் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்தாள். மரத்தூளுக்கு நடுவில் மூன்று குஞ்சுகள். அரைகுறை இறகும், பெரிய வயிறும், அசிங்கமான அழகுமாக. அதில் ஒன்று கழுத்தை நீட்டி என் கணவரின் சட்டைப் பொத்தானைக் கொத்தியது. தேர்வு முடிந்துவிட்டது. தேர்ந்தெடுத்தது நாங்கள் இல்லை.

உடனே தரமாட்டாளாம். தானாகத் தின்னப் பழக இன்னும் ஆறேழு வாரம் ஆகும், அதுவரை அவள்தான் ஊட்டுவாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பழகிவிட்டுப் போகச் சொன்னாள். அப்படிப் போனபோது ஒருநாள் கரண்டியை அவரிடமே கொடுத்தாள். இரு பக்கமும் வளைத்துவிட்ட சின்னக் கரண்டி. மாவை வெந்நீரில் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, குஞ்சின் வாயருகே கொண்டுபோக வேண்டும்.

"நீங்க ஊத்தக் கூடாதுண்ணே. அது முழுங்குற வரைக்கும் காத்திருக்கணும். அவசரப்பட்டா மாவு மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். அப்புறம் பொழைக்காது."

பழக்கமில்லாத இடது கையால் அவர் ஊட்டினார். அரை மணி நேரம் ஆனது. மாவு அவர் வேட்டியிலும் குஞ்சின் தலையிலுமாகப் பாதி போனது. பக்கவாதம் வந்ததற்குப் பிறகு அவர் ஒரு வேலையை முழுதாகச் செய்து முடித்ததை அன்றுதான் பார்த்தேன். திரும்பி வரும் வழியில் இல்லாத பிரேக்கை அவர் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.

வீட்டில் என் கணக்குக் காகிதம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால் கடைசி வரியில் புதிதாக ஏதோ கோணல்மாணலாக இருக்கிறது. இடது கையால் எழுதிய எழுத்து. 'டாக்டர் 200'. கிளிக்குச் சீக்கு வந்தால் என்று அந்தப் பெண் கேட்டதை நான் மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. ஆயிரம் தாண்டிப் போனது. எனக்கு ஒரு சேலை வாங்க வைத்திருந்த காசை ஓர் உறையில் போட்டு, மேலே டாக்டர் என்று எழுதி அலமாரியில் வைத்தேன்.

சித்திரை பிறந்து கிளியை எடுத்துவரப் போன அன்று, அந்தப் பெண் காலில் வளையம் போட்ட கிளியையும் காகிதங்களையும் ஒப்படைத்துவிட்டு, என்னை மட்டும் நிறுத்திவைத்து மூன்று விஷயம் சொன்னாள். ஒட்டாத நான்ஸ்டிக் சட்டியைச் சூடாக்கக் கூடாது, அதன் ஆவி கிளிக்கு ஆகாது. கொசுவர்த்தி கூடாது. மூன்றாவது, சாம்பிராணி கூடாது.

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுற வீடுதானேக்கா? நெறைய பேரு இதுலதான் தப்பு பண்ணுவாங்க. கிளிக்கு நெஞ்சு சின்னது. நமக்கு வாசனையா இருக்கறது அதுக்கு வெசம்."

"சரி சரி, தெரியும்மா. நிறுத்திடறேன்" என்றேன். எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்வது என் வாய்ப்பழக்கம்.

ஆனால் நிறுத்தினேன். மூன்று மாதம் எங்கள் வீட்டில் சாம்பிராணி இல்லை. வெள்ளிக்கிழமை ஊதுவத்திகூட வெளியே மாடத்தில்தான். கிளி நன்றாக வளர்ந்தது. பேச்சுதான் வரவில்லை. என் கணவர் தினமும் கூண்டைத் திறந்து அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் அதனிடம் ஏதோ முணுமுணுப்பது சமையலறைவரை கேட்கும். நான் போனால் நிறுத்திக்கொள்வார். என்னிடம் பேச்சு கூடவில்லை. இவ்வளவு செலவழித்துக் கொண்டுவந்தது கிளியா, நான் இல்லாதபோது மட்டும் பேசும் ரகசியக் கூட்டாளியா என்று எனக்குள் கொஞ்சம் பொறாமைகூட.

ஆடி முதல் வெள்ளி வந்தது. அவர் விழுந்து ஒரு வருடம். நான் தொழிற்சாலைக்கு லீவு போட்டு, வீட்டைக் கழுவி, சர்க்கரைப் பொங்கலுக்கு ஏற்பாடு செய்தேன். அவர் உயிரைத் திருப்பிக் கொடுத்த சாமிக்கு அன்று சாம்பிராணி போடாமல் எப்படி? மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு நாள். அதுவும் சாமிப் புகை, சிகரெட்டா என்ன? சாமிக்குப் போடுவது கெடுதல் செய்யுமா? இப்படி எனக்கு நானே வக்கீலாகி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆறு மணி. சிரட்டைக் கரியைக் கனியவைத்து, சாம்பிராணியைத் தூவி, அறை அறையாகக் காட்டினேன். புகை கூடத்துக்கு வந்ததும், இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது, கூண்டு முன்னால் நின்று மூன்று சுற்றுச் சுற்றினேன். கிளிக்கும் கண் படக் கூடாதே! அவ்வளவு பாசம்.

என் கணவர் நாற்காலியில் இருந்து இடது கையைத் தூக்கினார். "வே... வே..." என்றார்.

"சரி சரி, தெரியும். உங்களுக்கும் காட்டுறேன் லா" என்று அவருக்கும் மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் திருநீறு பூசி, தூபக்காலைக் கூடத்திலேயே ஒரு மூலையில் வைத்துவிட்டுப் பொங்கலைக் கிளறப் போய்விட்டேன்.

சற்று நேரத்தில் அவர் சமையலறை வாசலுக்கு வந்து நின்றது தெரிந்தது. "இ...ந்தா... கி..." என்று தொடங்கினார். "சரி சரி, தெரியும், பசிக்குது. பத்து நிமிஷம்" என்றேன். வெல்லப்பாகு கையில் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து வந்தால் கூடத்தில் அவர் இல்லை. கூண்டு திறந்திருக்கிறது, கிளி இல்லை. வாசல் கதவும் திறந்திருக்கிறது. வெளியே ஓடினேன்.

அவர் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், ரம்புத்தான் மரத்தடியில், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். தோள் துண்டில் கிளியைச் சுற்றி இடது கையால் மார்போடு பிடித்திருந்தார். கிளி வாயைத் திறந்து வைத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வால் மேலும் கீழும் ஆடியது. போன் தரையில் கிடந்தது. மடங்காத வலது கையின் ஒற்றை விரலால் அழுத்தியிருக்கிறார். மகள் ஒருமுறை வந்திருந்தபோது அந்தப் பெண்ணின் எண்ணுக்குக் குஞ்சின் படத்தைப் போட்டுக் கொடுத்திருந்தாள், படத்தைப் பார்த்து அழுத்தியிருக்கிறார். ஒரு வருடமாகத் தானாக ஒருவருக்கும் போன் செய்யாத மனுஷன்.

"பு...பு..." அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

போனில் அந்தப் பெண்ணின் குரல், "ம்... சொல்லுங்கண்ணே. நான் இருக்கேன்."

நான் பாய்ந்து போனை எடுக்கக் குனிந்தேன். இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொல்லி முடித்திருப்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"பு...கை. வா...ய்... தொற...ந்து... மூச்சு..."

"ம்."

"வா...ல்... ஆடு...து."

"புரிஞ்சிருச்சுண்ணே. வெளிய காத்துலதானே இருக்கீங்க? அங்கயே இருங்க. தண்ணி கிண்ணி ஊத்தாதீங்க. கையில இறுக்கிப் புடிக்காதீங்க. ஈப்போவுல நான் சொன்ன டாக்டர் எட்டு மணி வரைக்கும் இருப்பாங்க, நான் இப்பவே சொல்லி வைக்கிறேன். அக்கா பக்கத்துல இருக்காங்களா? கார எடுக்கச் சொல்லுங்க."

அவர் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அலமாரியில் இருந்த உறையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில்தான் நினைவு வந்தது. அணைத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்து உள்ளே போய் அணைக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை நெரிசலில் வண்டி நகராமல் நின்ற இடத்திலெல்லாம் அழுதேன். அவர் கிளியை மார்பில் வைத்து அதன் வாலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் ஓர் இளம் சீனப் பெண். கிளியை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆக்சிஜன் விட்டார். இன்னும் கால்மணி நேரம் அந்தப் புகையில் இருந்திருந்தால் பிழைத்திருக்காது என்றார். என்ன புகை என்று கேட்டபோது சாம்பிராணி என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். உறையில் இருந்த இருநூறு வெள்ளி அன்று ராத்திரிக்கும் மறுநாளுக்கும் சரியாக இருந்தது. குளிர்பெட்டிக் கணக்கில் நான் எழுதாமல் விட்டு, அவர் எழுதிய வரி அது.

மறுநாள் மத்தியானம் கிளியைக் கொண்டுவந்தோம். சாயங்காலம் சித்தியவானிலிருந்து அந்தப் பெண் நேரே வந்து இறங்கினாள். நல்ல திட்டு விழும் என்று தயாராக இருந்தேன். விழுந்திருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கிளியின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், மூலையில் இருந்த தூபக்காலைப் பார்த்தாள், பிறகு என் கணவர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, கிளிய நான் எடுத்துட்டுப் போகவா? காச திருப்பிக் குடுத்துடறேன். வருத்தப்படாம சொல்லுங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. போய்விட்டால் இந்த மனுஷனுக்கு என்ன மிச்சம்? வேண்டாம் தாயே, இனிமேல் சத்தியமாகச் செய்யமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட வாய்வரை வந்தது. நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டேன். உண்மையாகவே கடித்தேன், வலித்தது.

வெளியே ஐஸ்கிரீம்காரர் மணியடித்துக்கொண்டு போய், தெருக்கோடியில் திரும்பி, மறுபடியும் எங்கள் வாசலைத் தாண்டினார். அவ்வளவு நேரம்.

"இரு...க்கட்டும். நா...ன்... பாத்துக்கறேன்."

"சரிண்ணே" என்று எழுந்தாள். போகும்போது வாசலில் என் தோளைத் தொட்டு, "பயந்துட்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு நான் அழுத அழுகை இருக்கிறதே, அதை இங்கே எழுத வேண்டாம். தூபக்காலை அவள் காரிலேயே ஏற்றி அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். கிளி விஷயத்தில் திருந்தினேன். மற்றபடி, என் வாய் என் வாய்தான். என் தப்பு சாம்பிராணி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் போன் செய்தாள். இப்போதெல்லாம் அவர் போனை என்னிடம் நீட்டுவதில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வாராவாரம் அந்தப் பெண்ணுக்குத் தானே போன் செய்து கிளியின் நலம் சொல்லிச் சொல்லி, கொஞ்சம் துணிச்சல் வந்திருந்தது. கிளி தோளில் இருந்தது. முதல் நாள் எங்கள் வீட்டு ஓட்டின் மேல் குரங்கு வந்ததைப் பற்றி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கு...ரங்கு... வந்து... ஓட்டு...ல..." என்று நிறுத்தி, அடுத்த வார்த்தையைத் தேடினார்.

"சரி சரி, தெரியும்!"

நான் சமையலறையில் கரண்டியோடு நின்றிருந்தேன். நான் பேசவில்லை. ஆனால் அது என் குரல். என் அவசரம், என் மூக்குச் சத்தம், கடைசியில் நான் இழுக்கும் அந்த இழுப்பு, எல்லாம் அப்படியே. ஏழு மாதமாக வாய் திறக்காத கிளி முதன்முதலில் சொன்ன வார்த்தை. இந்த வீட்டில் அது அதிகமாகக் கேட்ட வார்த்தை எதுவோ, அதைத்தான் சொன்னது.

என் கணவர் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். கோபமே இல்லை. ரொம்பப் பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துச் சொன்னார்.

"நான்... இன்னும்... சொல்லி... முடிக்கல."

போனில் மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்றரை வருடத்தில் ஒரு வார்த்தைகூட உடையாமல் அப்பா சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். நான் கரண்டியோடு கூடத்துக்கு வந்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். குரங்கு ஓட்டின் மேல் என்ன செய்தது என்பதை அவர் சொல்லி முடிக்க ஆறேழு நிமிடம் ஆனது. குரங்கை விரட்டியது நான்தான், எனக்கு அந்தக் கதை முழுக்கத் தெரியும். ஆனால் குரங்கு என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, என் கொண்டையைப் பார்த்துப் பயந்து ஓடியது என்று அவர் சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் சொல்லி முடித்ததும் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்படி எத்தனை வேடிக்கைகளை நான் பாதியிலேயே அறுத்து எறிந்திருப்பேன்?

கிளிக்கு எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லிக்கொடுத்துப் பார்க்கிறேன். வணக்கம் சொல்லாது, முருகா சொல்லாது. அந்த ஒன்றைத்தான் விருந்தாளிகள் முன்னாலும் என் குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்னும் இருபத்தைந்து வருடம் சொல்லட்டும், எனக்குத் தேவைதான். இப்போதெல்லாம் அவர் பேச வாயெடுத்தால் நான் முதலில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்கிறேன். ஆறிப்போன குழம்பைத் திரும்பச் சூடு பண்ணிக்கொள்ளலாம்.